இடதா, வலதா?

அந்தக் கடையில் செருப்பை ஜோடியாக எண்ணுகிற பழக்கம் கிடையாது. கால் கணக்குத்தான். "இன்னைக்கு நாலு கால் முடிஞ்சுது", "அந்த டீச்சரம்மா கால் ரெடியா?" என்றுதான் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்வார்கள். புதிதாகக் கேட்கிறவனுக்குத் தூக்கிவாரிப் போடும். ஆனால் அங்கே வருகிறவர்கள் அப்படிப்பட்டவர்கள். ஒருவருக்கு ஒரு கால் இரண்டு விரற்கடை குட்டையாக இருக்கும். இன்னொருவருக்குச் சர்க்கரை வியாதியில் ஒரு பாதத்தில் மட்டும் ஆறாத புண். வேறொருவருக்கு இருப்பதே ஒரு கால். ஒரே ஆளுடைய இரண்டு பாதங்களுக்கும் தோல் வேறு, உயரம் வேறு, வேலை வேறு. ஆகையால் விலையும் ஒரு காலுக்கு இன்னதென்று தனித்தனிதான். இருபத்திரண்டு வருஷமாக அப்படியே நடந்தது. அதில் ஒரு தப்பு இருக்கும் என்று யாருக்காவது தோன்றுமா?

தெருவில் அவளைக் கால்கடையம்மா என்பார்கள். மேல்தோல் தைப்பதும் வார் கட்டுவதும் அவள் வேலை. அடி வெட்டி ஒட்டுவதும் அளவெடுப்பதும் அவர் வேலை. அளவென்றால் சும்மா இல்லை. சாயங்காலம்தான் எடுப்பார், காலையில் வந்தால் போய்விட்டு வரச் சொல்வார். நாள் முழுக்க நடந்து வீங்கின பாதம்தான் உண்மையான பாதம் என்பது அவர் கட்சி. பழுப்புக் காகிதத்தின்மேல் நிற்கவைத்து, பென்சிலைச் செங்குத்தாக நிறுத்திச் சுற்றிலும் கோடு போடுவார். உட்கார்ந்தபடி காலை நீட்டுகிறவர்களைப் பார்த்தால் அவருக்குக் கோபம் வரும். "உட்கார்ந்துகிட்டா நடக்கப் போறீங்க?" என்பார்.

எதிரே பெரிய ஆஸ்பத்திரி இருந்தவரைக்கும் காகிதம் வாங்கி மாளவில்லை. எட்டு மாதத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியை ஊருக்கு வெளியே புதுக் கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள். கால் சரியில்லாத மனுஷர்கள் இரண்டு பஸ் மாறிச் செருப்புக்கென்று வருவார்களா? எதிர்ப்பக்கம் பூட்டின கேட்டும், கேட்டுக்குள் முளைத்த புல்லும்தான் மிச்சம்.

அப்போதுதான் அவருடைய அண்ணன் போன் பண்ணினார். தூரத்து ஊரில் பெரிய ஷூ ஃபாக்டரியில் அவர் மேஸ்திரி. தோல் வெட்டுகிற இடத்தில் ஆள் வேண்டும், மாதம் முடிவதற்குள் சொல்ல வேண்டும் என்றார். தங்குவதற்கு ஆறு பேருக்கு ஓர் அறை, குடும்பத்துக்கு இடமில்லை. வருஷத்துக்கு இரண்டு தடவை லீவு.

மகளைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. அவர் போனால் முன்கடையும் பின்கட்டுமாக இருக்கிற அந்த வீட்டில் அவளும் ஒரு சுவர் நிறைய மர அச்சுகளும்தான். ஒவ்வொரு அச்சிலும் யாரோ ஒருவருடைய பாதம். இந்த வயதில் புருஷன் ஒரு ஊரிலும் தான் ஒரு ஊரிலுமாக இருக்க அவளுக்குச் சுத்தமாக இஷ்டமில்லை. அதை அவரிடம் சொல்லவும் செய்தாள்.

"நீங்க போக வேணாம்."

"இங்க என்ன பண்றது? அச்சைத் தொடைச்சு வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கட்டுமா?"

கேட்டுக்கொண்டு சும்மா நிற்பது அவள் சுபாவம் இல்லை. நேரே இரண்டு கடை தள்ளி இருக்கிற ஜெராக்ஸ் அக்காவிடம் போய் நின்றாள்.

ஜெராக்ஸ் அக்காவுக்குத் தெரியாத ஃபாரம் உலகத்தில் இல்லை. மெஷினில் காகிதம் சிக்கிக்கொண்டால் அதை அதட்டியே வெளியே எடுப்பாள். "ஆன்லைன்ல கடை போடு, நான் போட்டுத் தர்றேன்" என்றாள் எடுத்த எடுப்பில். "வாசலுக்கு ஆள் வரலைன்னா என்ன, நீ அவங்க வாசலுக்குப் போ."

கடை போடுவது அத்தனை லேசாக இல்லை. பேங்க் கணக்கு அவர் பெயரில், போன் நம்பரும் அவர் பெயரில். பணம் வந்து சேருகிற ஏற்பாட்டுக்கு ஒவ்வொரு படியிலும் ஒரு ஓடிபி. அது போய் விழுவதோ அவர் போனில். அவர் போன் கிடப்பது பட்டறைப் பலகைமேல், அவர் கையிலோ எந்நேரமும் பசை. ஜெராக்ஸ் கடையிலிருந்து இவள் குரல் கொடுப்பாள். அவர் மூக்கால் போனைத் தள்ளித் திறந்து எண்ணைக் கத்துவார். நடுவில் இருக்கிற டீக்கடைக்காரர் அதை வாங்கி அப்படியே இங்கே கத்துவார்.

"நாலு, ஏழு, ஏழு, ஒண்ணு..."

"அப்புறம்?"

"அப்புறம் கொஞ்சம் இருங்கம்மா, அவரு போனு அணைஞ்சு போச்சாம்."

அதற்குள் எண் காலாவதியாகிவிடும். மறுபடி முதலிலிருந்து. யாருக்கும் சொல்லாதீர்கள் என்று அனுப்புகிற எண்ணை அன்றைக்குத் தெருவே சேர்ந்து சொல்லிக்கொண்டிருந்தது. ஏழாம் தடவை பச்சை டிக் விழுந்தபோது டீக்கடைக்காரர் தானும் ஒரு பங்குதாரர்போல எட்டிப் பார்த்து, "வந்துடுச்சா?" என்றார்.

என்ன விற்பது என்பதில் வீட்டுக்குள் ஒரு சண்டை. பாதத்தைப் பார்க்காமல் தைக்க மாட்டேன் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றார். கடைசியில், பாதம் எரிகிறவர்களுக்கென்று அவர் வழக்கமாகச் செய்கிற மெத்தென்ற செருப்பை மட்டும் சைஸ் எண் போட்டு விற்பது என்று ஒத்துக்கொண்டார். அவள் ஒன்றைத் துடைத்து, சன்னல் வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்தாள். ஜெராக்ஸ் அக்கா கட்டம் கட்டமாகக் கேட்டாள்.

"விலை?"

"தொள்ளாயிரம்."

"அவ்வளவுதானா?"

"அதான் எப்பவும் வாங்கற விலை."

அக்கா அவளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தட்டினாள்.

ஐந்தாம் தேதி கடை திறந்தது. பூட்டில்லை, பலகையில்லை, பெருக்க வாசலில்லை. ஒன்பது நாள் ஈ காக்கை வரவில்லை.

அந்த ஒன்பது நாளும் அவள் ஓர் இடத்தில் உட்கார்ந்தாள் என்று யாரும் சொல்ல முடியாது. அடுப்பில் உலை கொதிக்கும், கையில் போன். துணி பிழிவாள், ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனைத் தொட்டுப் பார்ப்பாள். உட்கார்ந்து நாலு தையல் போடுவாள், ஏதோ மணி அடித்த மாதிரி எழுந்துவிடுவாள். வானமும் அவளைப்போலவே இருந்தது. காலையிலிருந்து மூடிக்கொண்டு புழுங்கும், இதோ பெய்யும் என்று காற்றடிக்கும், பெய்யாது. ஈரக்காற்றில் பசை காயவில்லை என்று அவர் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். ஆர்டரே இல்லை, பசை காய்ந்து என்ன, காயாமல் என்ன.

ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, அவர் பரணிலிருந்து பழைய பயணப்பையை இறக்கி, அறுந்த வாரைத் தைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தாள்.

"எதுக்கு அது?"

"சும்மாதான். தையல் விட்டிருந்துச்சு."

"இத்தனை வருஷமா விட்டுத்தான் கெடந்துச்சு."

அவர் மெழுகு நூலை இழுத்து முடிச்சுப் போட்டார். தைத்த பை பட்டறைப் பலகைக்கு அடியில் வந்து உட்கார்ந்தது. அன்றையிலிருந்து அவளுக்குக் குனிந்தால் அந்தப் பை, நிமிர்ந்தால் போன்.

பத்தாம் நாள் மத்தியானம் சோறும் முட்டையும் தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்த நேரத்தில் போன் ஒரு சத்தம் போட்டது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் நிற்கவே இல்லை. பொழுது சாய்வதற்குள் பதினொரு ஆர்டர். எங்கேயோ சர்க்கரைக்காரர்கள் கூடிப் பேசிக்கொள்கிற குழு ஒன்றில் யாரோ விலையைப் பார்த்துவிட்டு எல்லோருக்கும் அனுப்பியிருந்தார் என்பது பின்னால்தான் தெரிந்தது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. தட்டில் சோறு காய்ந்துபோயிற்று. டீக்கடைக்காரர் பங்குதாரர் முறையில் இரண்டு டீ இனாமாகக் கொடுத்தார். அவள் புருஷன்கூட ரப்பர் ஷீட்டை விரித்துப் போட்டுச் சுண்ணக்கட்டியை எடுத்துவிட்டார்.

எடுத்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"எந்தக் கால்?"

"என்னது?"

"பதினோரு பேருன்னியே. யாருக்கு எந்தக் கால்? இடதா, வலதா?"

அவள் போனைப் பார்த்தாள். பெயர் இருந்தது, விலாசம் இருந்தது, சைஸ் எண் இருந்தது. எந்தக் கால் என்று மட்டும் ஒருவரும் எழுதவில்லை.

"போடவே இல்லீங்க."

"என்ன ஜனங்கப்பா. காலைச் சொல்லாம செருப்புக் கேட்டா?"

"அந்த ஃபாரத்துல கேக்கல. நம்ம தப்புத்தான். இருங்க, கேட்டுடறேன்."

வாங்கியவருக்குச் செய்தி அனுப்ப ஒரு வழி இருந்தது. ஒற்றை விரலால் தட்டித் தட்டி, பதினொரு பேருக்கும் தனித்தனியாக அனுப்பினாள். வணக்கம். உங்களுக்கு வேண்டியது இடது காலா, வலது காலா? தயவுசெய்து தெரிவிக்கவும்.

மறுநாள் காலையில் பதில்கள் வந்து கிடந்தன. முதல் ஆள், 'ரெண்டும்தான்' என்று எழுதியிருந்தார். அடுத்தவர், 'நான் கொக்கு இல்லைங்க' என்று எழுதிச் சிரிக்கிற பொம்மை ஒன்றும் போட்டிருந்தார். ஓர் அம்மா, 'விளையாடுகிறீர்களா, வியாபாரம் பண்ணுகிறீர்களா' என்று கேட்டிருந்தார். பத்துப் பேர் பதில் போட்டிருந்தார்கள். பத்துப் பேருக்கும் இரண்டு கால் வேண்டுமாம்.

அவள் பட்டறைக்குப் போய்ப் படித்துக் காட்டினாள்.

"ரெண்டு வேணும்னா ரெண்டுல்ல ஆர்டர் போட்டிருக்கணும்?" என்றார் அவர்.

"அதானே. ஒண்ணுக்குக் காசு கட்டிட்டு ரெண்டு கேட்டா?"

"பேராசை. கண்ணுக்குத் தெரியாத ஆளுங்கன்னா இப்படித்தான்."

இதை ஜெராக்ஸ் அக்காவிடம் முறையிட்டு, அந்தப் பத்துப் பேருக்கும் சூடாக ஒரு பதில் எழுதி வாங்கவேண்டும் என்று புருஷனும் பெண்டாட்டியுமாகவே கிளம்பிப் போனார்கள். அக்கா போனை வாங்கிப் படித்தாள். மெஷினை நிறுத்தினாள். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"தொள்ளாயிரம்னியே, அது ஒரு செருப்புக்கா?"

"ஆமா. ஒரு காலுக்கு."

"ஏம்மா, உங்க ரெண்டு பேருக்கும் ஆளுக்கு ரெண்டு கால் இருக்கா இல்லையா?"

"இருக்கு."

"நீ எந்தக் கடையில போயி ஒரு கால் செருப்பு வாங்கியிருக்க?"

அவள் ஜன்மத்தில் எந்தக் கடையிலும் செருப்பு வாங்கினதில்லை, செருப்புத் தைக்கிறவன் வீட்டில் பிறந்து செருப்புத் தைக்கிறவனுக்கே வாழ்க்கைப்பட்டவள். அதை எப்படிச் சொல்வது?

"விலை கம்மியா இருக்கேன்னு நானும் நெனச்சேன்" என்றாள் அக்கா, குரலைத் தணித்து. "நல்லா ஓடட்டும்னுதான் கம்மியா வெக்கிறியாக்கும்னு இருந்துட்டேன்."

"வேணாம்னு சொல்லிட்டா என்ன?"

"புதுக் கடை. ரெண்டு ஆர்டருக்கு மேல நீயா ரத்து பண்ணா கடையை மூடிடுவாங்க. அதுல சின்ன எழுத்துல போட்டிருக்கு."

ஒரு காலுக்குத் தோலும் ரப்பரும் மட்டுமே ஐந்நூறுக்கு மேல் ஆகும். இரண்டு காலைத் தொள்ளாயிரத்துக்குக் கொடுத்தால் கூலி போனது போக, கையிலிருந்தும் போகும். அவர் ஒன்றும் பேசாமல் வீட்டைப் பார்த்து நடந்தார். அவள் பின்னாலேயே ஓடினாள்.

"கோவமா இருந்தா திட்டிடுங்க. பேசாம போகாதீங்க."

"உன்ன எதுக்குத் திட்டறது? நீ கேட்டிருந்தா நானும் தொள்ளாயிரம்னுதான் சொல்லியிருப்பேன்."

"இப்போ என்ன பண்றது?"

"தைக்கிறது. சொன்ன விலை சொன்ன விலைதான். பத்துப் பேரு திட்டிக்கிட்டு இருக்கிறப்போ நான் நிம்மதியா ஊருக்குப் போக முடியாது."

கடைசி வார்த்தைதான் அவள் காதில் நின்றது. அப்படியானால் தைத்துக் கொடுப்பது கடையை வைத்துக்கொள்வதற்கு இல்லை, கடனில்லாமல் கிளம்பிப் போவதற்கு.

அடுத்த ஏழெட்டு நாள் அந்த வீட்டில் நடந்த வேலையை இன்னதென்று சொல்ல முடியாது. விடிந்ததும் அவர் அடி வெட்ட உட்காருவார். கத்தி ரப்பரில் இறங்குகிற சத்தம் ஒரே சீராக வந்துகொண்டிருக்கும். அவள் மேல்தோலை ஓரம் மடித்துத் தட்டி, குத்தூசியால் துளை போட்டு, மெழுகு நூலை இரண்டு பக்கமும் இழுப்பாள். விரலிடுக்கில் பழைய தழும்பு மறுபடி சிவந்தது. பசை தடவின அடிகளைக் கொடியில் துணிபோல வரிசையாக மாட்டி, காய்கிறதா என்று மணிக்கொரு தரம் முகர்ந்து பார்ப்பார். மழைக்காற்று வந்தால் உள்ளே எடுத்து அடுப்புப் பக்கம் வைப்பார்கள். சோறு அந்த நாற்றத்தோடுதான் வெந்தது. நல்ல தோலைத்தான் வெட்டினார். மட்டமானதை வைத்தால் என்ன என்று அவள் கேட்டதற்கு, "சர்க்கரைக்காரன் காலுடி" என்று மட்டும் சொன்னார்.

ஒரு ஜோடி முடிந்து டப்பாவுக்குள் போகிறபோது அவளுக்குச் சந்தோஷம் வரவேண்டும். வரவில்லை. ஒவ்வொரு டப்பாவுக்கும் பலகைக்கு அடியில் இருக்கிற பை ஒரு அடி வாசலைப் பார்த்து நகர்கிற மாதிரி இருந்தது. ஐந்து ஜோடி அனுப்பின அன்றைக்கு அண்ணன் போன் வந்தது. அவள்தான் எடுத்தாள்.

"என்னம்மா, தம்பி என்ன சொல்றான்?"

"வேலையா இருக்காரு மாமா. ஆர்டர் வந்திருக்கு."

"அப்படியா. எத்தனை ஜோடி?"

"பத்து."

"பத்தா? நாங்க அதை டீ குடிக்கிற நேரத்துல முடிச்சுடுவோம்" என்று அவர் சிரித்தார். கெட்டவர் இல்லை, நல்லெண்ணத்தில்தான் சிரித்தார். "முப்பதாந்தேதி சொல்லியாகணும்மா. அதுக்கு மேல எடத்தைப் பிடிச்சு வெக்க என்னால முடியாது."

பதினோராவது ஆள் மட்டும் பதிலே போடவில்லை. ஒன்பதாம் நம்பர் சைஸ். அவரும் இரண்டு என்றுதான் சொல்லப்போகிறார் என்று இவர் இரண்டு அடி வெட்டி ஓரமாக வைத்திருந்தார். இருபதாம் தேதி சாயங்காலம் தெரியாத நம்பரிலிருந்து ஒரு போன்.

"அம்மா, செருப்புக் கடைங்களா? நான் இங்க வாட்ச் ரிப்பேர் பண்றவன். நீங்க ஒண்ணு கேட்டு எழுதியிருந்தீங்க. எம் பொண்ணு இப்பத்தான் படிச்சுக் காட்டுச்சு."

"ஆமாங்க, மன்னிச்சுக்கங்க, அது வந்து..."

"இடதும்மா. இடது மட்டும்தான்."

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"வலது முட்டிக்கு மேல எடுத்துட்டாங்க. பதினாலு வருஷம் ஆச்சு. கட்டைதான் ஊனறேன். ஆமா, எப்படி இடதா வலதான்னு கேட்டீங்க? இதுவரைக்கும் எந்தக் கடையிலயும் எங்கிட்ட அதைக் கேட்டதில்ல."

"நாங்க எப்பவும் அப்படித்தாங்க கேப்போம்."

"அப்போ ஒண்ணு மட்டும் வாங்கிக்கலாமா?"

"வாங்கிக்கலாமே. நீங்க கட்டின விலையே ஒண்ணுக்குத்தான்."

அந்தப் பக்கம் கடிகாரங்கள் ஓடுகிற சத்தத்துக்கு நடுவே வாட்ச்காரர் தொடர்ந்தார்.

"எங்க வீட்டுல ஒரு அலமாரி இருக்கும்மா. தொறந்தா பூரா வலது கால் செருப்பு. வருஷம் ஒண்ணு. எல்லாம் புதுசு. தூக்கிப் போடவும் மனசு வரல, யாருக்குக் குடுக்கறதுன்னும் தெரியல. இப்போ சர்க்கரையும் வந்துடுச்சு. இருக்கறது ஒண்ணு. அதையாவது நல்லா வெச்சுக்கணும்ல?"

அவள் புருஷன் பட்டறையிலிருந்து எழுந்து வந்து நின்றிருந்தார். பசைக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, "குடு" என்று போனை வாங்கினார்.

"ஐயா, வணக்கம். சைஸ் நம்பரை நம்பி உங்களுக்குத் தைக்க மாட்டேன். பாரம் பூரா அந்த ஒரு கால்ல இருக்கு, அது பரந்திருக்கும். பழுப்புக் காகிதம் இருக்கா? ... எந்தக் காகிதமானாலும் சரி. சாயங்காலமா மேல ஏறி நில்லுங்க. உக்காரக் கூடாது. நீங்க குனியாதீங்க, விழுந்துடுவீங்க. வீட்டம்மாவைக் கோடு போடச் சொல்லுங்க. பென்சில் சாயக் கூடாது... குதிகால்ல வெடிப்பு இருக்கா? எந்தப் பக்கம்? ... சுண்டுவிரல் கிட்ட மரத்துப்போகுதா?"

அரைமணி நேரம் பேசினார். இந்த எட்டு மாதத்தில் அவர் இத்தனை பேசி அவள் கேட்கவில்லை. பேசிக்கொண்டே சுவரில் இருந்த அச்சுகளில் ஒன்றை எடுத்துத் தடவிப் பார்த்தார், வைத்தார், வேறொன்றை எடுத்தார்.

மறுநாள் காலையிலேயே அவள் ஜெராக்ஸ் கடையில் நின்றாள்.

"அக்கா, மாத்தணும். ஒரு கால் தொள்ளாயிரம்னு போடுங்க. இடதா வலதான்னு சொல்லணும்னு போடுங்க. ரெண்டு வேணும்னா ரெண்டு வாங்கிக்கட்டும்."

"பைத்தியமா உனக்கு? ஜோடி ஆயிரத்தெண்ணூறுன்னு போட்டா நாலு பேரு வாங்குவான். ஒரு கால்னு போட்டா சிரிப்பான்."

"சிரிக்கட்டும். நேத்து ஒருத்தர் அழாத குறையாப் பேசினாரு. அவரை மாதிரி இன்னும் எத்தனை பேரு இருப்பாங்க, சொல்லுங்க. எட்டு மாசம் முன்னாடி வரைக்கும் நம்ம வாசல்ல வந்து நின்னாங்களே, அவங்களைத்தான் நான் தேடறேன். ரெண்டு காலும் நல்லா இருக்கறவங்களுக்கு ஊர்ல கடையா இல்ல?"

அக்கா முணுமுணுத்துக்கொண்டே தட்டினாள். மாற்றுவதற்கும் ஓடிபி கேட்டது. அவள் குரல் கொடுக்க வாயைத் திறந்தாள், டீக்கடைக்காரர் தயாராகக் காதைக் கொடுத்தார். அதற்குள் புருஷன் போனை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு தானே நடந்து வந்தார். எண்ணை ஒவ்வொன்றாக, நிதானமாகப் படித்தார். படித்து முடித்துவிட்டு, "சாயங்காலம் அளவெடுக்கணும்னு ஒரு வரி போடச் சொல்லு" என்றார்.

மனசு மாறிவிட்டதா என்று அவளுக்குத் தெரியவில்லை. பை பலகைக்கு அடியில்தான் இருந்தது. கேட்கவும் பயம். கேட்டால், போகிறேன் என்று வாய்விட்டுச் சொல்லிவிடுவாரோ?

கோடு போட்ட காகிதம் கூரியரில் வந்து சேர, வாட்ச்காரரின் இடது கால் இருபத்துமூன்றாம் தேதி கிளம்பிப் போயிற்று. புதிய அறிவிப்பைப் பார்த்து ஜெராக்ஸ் அக்கா சொன்னதுபோலவே சிலர் சிரித்து எழுதினார்கள். இரண்டு நாள் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் ஓர் அம்மா, வலது கால் மட்டும், ஒன்றரை விரற்கடை உயரம் கூட்டித் தருவீர்களா என்று கேட்டாள். அடுத்து ஓர் ஆள் இடது. பழைய பத்துப் பேரில் ஒருவர் தன் அக்காவுக்காக, முழு விலை கட்டி, இரண்டு காலுக்கும் ஆர்டர் போட்டார். பிறகு இன்னும் மூன்று ஒற்றைக் கால். இருபத்தொன்பதாம் தேதி ராத்திரிச் சோற்றுக்கு உட்காரும்போது மொத்தம் ஏழு கால். ஏழு காலை வைத்து ஒரு குடும்பம் நடக்குமா என்று அவள் தனக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்தாள். விடை வரவில்லை. உருளைக்கிழங்கை அவர் தட்டில் இரண்டாம் தரம் வைத்தாள், அவர் வேண்டாம் என்றார். அதற்கே அவளுக்குக் கண் கலங்கியது.

முப்பதாம் தேதி வானம் வெளுத்திருந்தது. பத்து மணிக்குக் கூரியர்காரர் வந்தார். எடுத்துக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறார் என்று அவள் டப்பாவைத் தேடினாள்.

"இல்லம்மா, உங்களுக்குத்தான் வந்திருக்கு. கனமா இருக்கு, பிடிங்க."

பெரிய அட்டைப்பெட்டி. வாட்ச் கடையின் முத்திரை. புருஷன் கத்தியால் கயிற்றை அறுத்தார். மேலே ஒரு சின்னக் காகிதம் இருந்தது. அவள் படித்தாள்.

'உங்கள் இடது கால் வந்தது. கடிக்கவே இல்லை. நேற்று கடைத்தெரு வரைக்கும் போய்வந்தேன். எங்கள் மாற்றுத்திறனாளிகள் சங்கத்தில் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன். இதெல்லாம் என்னுடைய வலது. யாருக்காவது ஆகும்.'

அவர் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் பட்டறைப் பலகையில் வரிசையாக வைத்தார். பதினாலு. கறுப்பு, பழுப்பு, வார் வைத்தது, மூடினது. எல்லாம் வலது, எல்லாம் ஒன்பது. முதலில் எடுத்ததற்குத் தோல் சுருங்கி வெடித்திருந்தது. கடைசியில் எடுத்ததில் விலைச் சீட்டே பிரிக்காமல் இருந்தது. அவர் ஒன்றைக் கவிழ்த்து அடியைப் பார்த்தார். தரையே படாத அடி. கட்டை விரலால் அதைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"இல்லாத காலுக்குக் காசு கட்டியிருக்காருடி இந்த மனுஷன்" என்றார். "பதினாலு வருஷம்."

அப்போது போன் அடித்தது. அண்ணன் பெயர் தெரிந்தது. அவள் புருஷன் கையைப் பார்த்தாள். கையில் பசை இல்லை, சுத்தமாகத்தான் இருந்தது.

"கை பசையா இருக்கு" என்றார். "நீயே சொல்லிடு."

"என்னன்னு சொல்ல?"

அவர் குனிந்து பலகைக்கு அடியிலிருந்து பயணப்பையை இழுத்தார். வாயை அகலத் திறந்து, பதினாலு வலது செருப்பையும் ஒவ்வொன்றாக உள்ளே அடுக்க ஆரம்பித்தார். ஒன்பதாம் நம்பர் வலது கேட்டு ஆள் வராமலா போய்விடுவார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சுண்ணக்கட்டியால் பைமேல் 'வலது' என்றும் 'ஒன்பது' என்றும் எழுதினார். பிறகு முக்காலியைப் போட்டு ஏறி, பையைப் பரண்மேல் தள்ளிவிட்டு இறங்கினார்.

போன் ஓய்ந்து மறுபடி அடித்தது. அவள் எடுத்தாள்.

"என்னம்மா, எத்தனை ஜோடி இப்போ?" என்றார் அண்ணன்.

"ஜோடி இல்ல மாமா. ஏழு கால்" என்றாள் அவள். "அவரு வரல. எடத்தை வேற யாருக்காவது குடுத்துடுங்க."

சொல்லிவிட்டு முக்காலியை அவர் காலடியிலிருந்து இழுத்துப் போட்டு அதில் உட்கார்ந்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் நிம்மதியாக உட்கார்ந்தாள். குத்தூசியைத் தேடி எடுத்து, உயரம் கூட்டவேண்டிய அந்த வலது காலின் மேல்தோலை மடிமேல் விரித்துக்கொண்டாள்.